வலது மணிக்கட்டு

காவல்பயிற்றி எந்திரத்துக்குள் அனுப்பும் முன், நோயாளியின் உடம்பிலுள்ள ஒவ்வோர் உயிரணுவையும் ஊர் பேர் விசாரித்து இரண்டு பட்டியலாக்கிவிடுவார்கள்: 'நான்', 'நானல்ல'. முடக்குவாதம் என்பதே உடம்பின் காவலணுக்கள் ஆள் தெரியாமல் சொந்த மூட்டுகளை அடித்து நொறுக்குவதுதான். எந்திரம் அவற்றுக்குப் பட்டியலைப் பாடம் நடத்தும். அதன்பின் எந்தக் காவலணுவும் முதல் பட்டியலைத் தொடாது. இரண்டாவதில் ஒன்றையும் மிச்சம் வைக்காது.

இருபது வருடத்தில் அமலி மாத்திரை, வாராந்திர ஊசி, அச்சிட்டுப் பொருத்திய செயற்கை முழங்கால் எல்லாம் பார்த்துவிட்டாள். இடையில் ஒன்பது மாதம் மட்டும் வலி சொல்லாமல் கொள்ளாமல் போயிருந்தது. பிள்ளை வயிற்றிலிருந்த மாதங்கள். பையன் பிறந்து மூன்றாம் நாள் இறந்துபோனான். ஒரு படம்கூட எடுத்துவைக்கவில்லை. அடுத்த மாதமே வலி திரும்பியது. அந்த ஒன்பது மாதம் மறுபடி வேண்டும், அதற்குத்தான் ஏங்கினாள்.

பேனா பிடிக்க முடியாத அவளுக்காக எல்லா இடத்திலும் கையெழுத்துப் போடுவது கணவர் சேவியர்தான். நாற்பது பக்கப் பட்டியலையும் வாசித்துக் காட்டச் சொன்னாள். அவள் முனகல் தாளாமல், "எல்லாம் பாத்துட்டேன், நீ உள்ள போ" என்று வாசிக்காமலே கையெழுத்தைப் போட்டுவிட்டார். பாசத்தில் செய்ததுதான், அவருடைய பாசத்துக்கு எப்போதும் கொஞ்சம் அவசரம்.

பத்தாம் நாள் காலை அமலி தானே ரவிக்கை ஊக்கைப் போட்டுக்கொண்டாள். சேவியர் அழுதுவிட்டார். வீட்டுக்குப் போகும் படிவத்தில் இனித் தானே கையெழுத்துப் போடுவதாகச் சொல்லிப் பேனா வாங்கியவள், போடும் முன் இணைத்திருந்த பட்டியலைப் புரட்டினாள்.

முப்பத்தோராம் பக்கத்தில் நின்றாள். நானல்ல: ஆண் சிசுவின் உயிரணுக்கள், பேறுகாலத்தில் தாய்க்குள் தங்கியவை. இருப்பிடம், வலது மணிக்கட்டு. நோய்க்குக் காரணமல்ல. நீக்கப்பட்டன.

மருத்துவர் தயங்கித் தயங்கி விளக்கினார். பிள்ளையின் அணுக்கள் தாய்க்குள் பல வருடம் உயிரோடிருக்கும். வேண்டுமென்பவர்கள் எதிரே 'நான்' என்று எழுதிக் கொடுத்தால் எந்திரம் விட்டுவைக்கும். போனதைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை.

"இத்தன வருசமும் எங்கூடதாங்க இருந்திருக்கான்," என்றாள் அமலி.

"எனக்குத் தெரியாதே, அமலி," என்றார் சேவியர்.

அவள் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள். வலி சுத்தமாக இல்லை. அந்த ஒன்பது மாதமும் இப்படித்தான் இருந்தது. ஆனால் அப்போது அவன் இருந்தான். பேனாவை எடுத்து, அந்த வரிக்கு எதிரே, கொஞ்சமும் நடுங்காத கையால் 'நான்' என்று எழுதினாள்.