மேலே நிற்பவர் சொல்வதுதான்

1986-ஆம் வருஷம், மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. இட்லி சாப்பிட்ட கையோடு நானும் என் மனைவி சுசீலாவும் மொபெட்டில் பாறைக்குப்பத்துக்குக் கிளம்பினோம். ஆவடியில் எங்கள் ஊழியர் மன்றம் வருஷம் தவறாமல் ஒரு மலர் போடும். அதில் சுற்றுவட்டார ஊர்களைப் பற்றி எழுதுவது என் பொறுப்பு. அந்த வருஷத்துக்கு அகப்பட்டது பாறைக்குப்பம். கருங்கல் குவாரி நடந்த ஊர். குவாரியை மூடிப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். எனக்குப் பிறரைப் பயமுறுத்திப் பார்ப்பதில் ஒரு சந்தோஷம். அரிசி டின்னுக்குள் ரப்பர் பல்லியைப் போட்டு வைப்பேன். சுசீலா அலறுவாள், கொஞ்சம் அழுவாள், அப்புறம் என் முதுகில் ரெண்டு போட்டுவிட்டுச் சிரித்துவிடுவாள். அவள் சிரித்துவிடுவதால் நானும் நிறுத்தவில்லை.

ஊரைச் சுற்றிக் காட்டியது பொன்னியம்மா. நாற்பது வயதிருக்கும். அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் பெருக்கித் துடைக்கிற வேலை, அன்று லீவு. கல் உடைக்கிற மிஷின் நின்றிருந்த சிமெண்டு மேடை, சங்கு ஊதிய கம்பம், வெடிமருந்து வைத்திருந்த, ஜன்னலே இல்லாத மருந்து ரூம் என்று ஒவ்வொன்றாகக் காட்டினாள். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. மருந்து ரூமுக்குள் மட்டும் ஈரக்குளிர். கொளுத்தி அணைத்த தீக்குச்சி வாசனை அடித்தது.

"பன்னெண்டு வருஷமாவா இந்த வாசனை?" என்றாள் சுசீலா, மூக்கைப் பொத்திக்கொண்டு.

"சில நாளு அடிக்கும்மா, சில நாளு அடிக்காது" என்றாள் பொன்னியம்மா.

கடைசியாகப் பள்ளத்தின் விளிம்புக்கு வந்தோம். அங்கே ஒரு மதுரைவீரன் கோயில், ஆள் உயரம்கூட இல்லை. அதன் முன்னால் ஒரு கல்பலகை. பொன்னியம்மா கீழே கிடந்த கற்களில் இரண்டைப் பொறுக்கி எங்கள் கையில் கொடுத்தாள்.

"ஆளுக்கு ஒண்ணு வச்சிட்டு எறங்கு சார். எங்க ஊரு வழக்கம். ஏறி வந்தப்பறம் அவங்கவங்க கல்ல அவங்கவங்களே எட்த்துக்கணும். பலகைல ஒரு கல்லு மிச்சம் இருந்தாலும் வெடிக்கு நெருப்பு வைக்க மாட்டாங்க."

"கீழே இருக்கிறவங்க குரல் கொடுத்தால் போதாதா?" என்றேன்.

"பம்புசெட்டு ஓடிகினே இருக்கும் சார், கீழேர்ந்து கத்துனா மேல கேக்காது. எங்க நைனா முனியன்தான் நெருப்பு வைக்கறவரு. 'கீழ யாருனா கீறாங்களா'ன்னு மூணு தபா கேப்பாரு. மேல, பலகையாண்ட நிக்கறவரு இன்னா சொல்றாரோ அதான். கீழ கீறவன் பேச்சு செல்லாது."

"அப்புறம் ஏன் மூடினாங்க?"

அவள் பள்ளத்தைப் பார்த்தபடி சொன்னாள். "எழுவத்தி நாலு, தீவாளிக்கு மொத நாளு. லாரி நிக்குதுன்னு மேஸ்திரிக்கு அவசரம். பலகைல ஒம்போது கல்லு இருந்துச்சு. அல்லாத்தயும் கையால தள்ளி வுட்டுட்டாரு. நைனா கேட்டாரு. 'யாரும் இல்ல'ன்னாரு மேஸ்திரி. மூணு தபாவும் அதயேதான் சொன்னாரு. ஒம்போதுல எங்க அம்மாவும் ஒண்ணு. நைனா அன்னிக்கு சாயங்காலமே இந்த எடத்துலேர்ந்துதான் வுழுந்தாரு."

நான் நோட்டை எடுத்து 'ஒன்பது பேர்' என்று குறித்துக்கொண்டேன். மேஸ்திரியின் பெயர் என்ன, இனிஷியல் என்ன என்று கேட்டேன். சுசீலா என் கையைக் கிள்ளினாள். அவள் கண் கலங்கியிருந்தது.

பொன்னியம்மா டீ போட்டு எடுத்து வருவதாகச் சொல்லி வீட்டுக்குப் போனாள். சுசீலாவுக்குப் பள்ளத்தில் இறங்க மனசே இல்லை. பலகையில் ஆளுக்கொரு கல்லை வைத்ததும், நான்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கினேன்.

பாறையில் வெட்டிய எழுபது எண்பது படிகள். அடியில் பச்சைத் தண்ணீர் அசையாமல் கிடந்தது. சுவர் முழுக்க வெடி வைக்கத் துளைத்த ஓட்டைகள், வரிசை வரிசையாக. தூரத்தில் பட்டாளத்து லாரிகளின் சத்தம் அதுவரை கேட்டுக்கொண்டிருந்தது. அங்கே அதுவும் கேட்கவில்லை.

"வாங்க, போயிடலாம்" என்று சுசீலா கிசுகிசுத்தாள்.

ஏறும்போது பாதிப் படியில் அவள் செருப்பு வார் அறுந்தது. உட்கார்ந்து, தாலியில் இருந்த ஊக்கைக் கழற்றி வாரில் மாட்டத் தொடங்கினாள். நான் மேலே ஏறி வந்துவிட்டேன். என் கல்லை எடுத்தேன்.

அவள் கல்லையும் எடுத்தேன்.

இரண்டையும் அவள் பார்க்கும்படி தூக்கிக் காட்டினேன். "சுசீ! பலகை காலி! வெடி வைக்கப் போறாங்க!"

"ஐயோ, வையுங்க அதை! விளையாடாதீங்க!" என்று கீழிருந்து கத்தினாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இரண்டு கற்களையும் புதருக்குள் எறிந்தேன்.

அப்போது என் முதுகுக்குப் பின்னால் ஒரு கிழவர் கேட்டார்.

"கீழ யாருனா கீறாங்களா?"

நிதானமான குரல். பொன்னியம்மா சொல்லி அனுப்பிய யாரோ, நம்மோடு சேர்ந்து விளையாடுகிறார் என்று நினைத்தேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சுசீலாவைப் பார்த்துக் கண்ணடித்தேன்.

"யாரும் இல்லே பெரியவரே."

"நான் இருக்கேன்! இருக்கேன்!" சுசீலா எழுந்துவிட்டாள். ஒரு காலில் செருப்பு இல்லாமல் ஏறத் தொடங்கினாள்.

"கீழ யாருனா கீறாங்களா?"

"யாரும் இல்லே."

தீக்குச்சி வாசனை அடித்தது.

"கீழ யாருனா கீறாங்களா?"

குரல் இப்போது என் காதை ஒட்டி வந்தது. மூச்சு மட்டும் இல்லை. எனக்கு ஏதோ புரிந்தது. ஆனால் வாய் முன்னமே பழகிவிட்டிருந்தது.

"யாரும் இல்லே" என்றேன்.

திரும்பினேன்.

யாரும் இல்லை.

அந்த வெடியை நான் காதால் கேட்கவில்லை. கால் வழியாகத்தான் கேட்டேன். படிகளை ஒட்டிய பாறைச்சுவர் முழுசாகப் பெயர்ந்து படிகளின்மேல் விழுந்தது. புழுதி அடங்கியபோது படிகளே இல்லை. கையில் டீத் தூக்கோடு ஓடி வந்த பொன்னியம்மா பள்ளத்தைப் பார்க்கவில்லை. காலிப் பலகையைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"நீ இன்னா சொன்ன?" என்று மட்டும் கேட்டாள்.

சுசீலாவின் உடலை இரண்டாம் நாள்தான் எடுத்தார்கள். பழைய மருந்து ஏதாவது ஓட்டையில் தங்கியிருக்கும் என்று போலீஸ் எழுதிக்கொண்டது. நான் என்ன சொன்னேன் என்று அவர்கள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அவளைக் கொன்றவன் நான்தான்.

கருமாதி முடிந்த ஞாயிற்றுக்கிழமை பகல், குவார்ட்டர்ஸில் தனியாகப் படுத்திருந்தேன். எங்கள் வீடு கீழ்த்தளம். மாடிப்படிப் பக்கமிருந்து அந்தக் குரல் கேட்டது.

"கீழ யாருனா கீறாங்களா?"

"இருக்கேன்! நான் இருக்கேன்!" என்று அலறினேன். குரல் நின்றுவிட்டது. அதிலிருந்து ஞாயிறுதோறும் ஒரு முறை கேட்கும். நான் பதில் சொல்வேன், அதோடு நின்றுவிடும். பதில் சொன்னால் போதும் என்று நம்பிக்கொண்டு ஏழு மாசத்தை ஓட்டினேன்.

மாடி வீடு அதுவரை காலியாக இருந்தது. போன மாசம்தான் பால்ராஜ் என்பவரும் அவர் மனைவி பத்மாவும் குடிவந்தார்கள். திண்டுக்கல் பக்கத்துக்காரர்கள். சுசீலாவைப் பற்றி ஒன்றும் தெரியாது. போன ஞாயிறு மத்தியானம் பத்மா தயங்கித் தயங்கிக் கீழே வந்தாள்.

"அண்ணே, தப்பா நினைக்காதீங்க. வாராவாரம் நீங்க கத்துறீங்களே, உடம்புக்கு ஏதும் சரியில்லையா?"

"ஒன்றுமில்லைம்மா."

"அதுக்கில்லை. எங்க வாசல்ல, மேல் படியில நின்னுக்கிட்டு ஒரு அக்கா யாருக்கோ பதில் சொல்றாங்க. கதவைத் திறந்தா ஆளைக் காணோம். 'அவர் விளையாட்டுக்குக் கத்துறாருங்க, கீழே யாரும் இல்லை'ன்னு சொல்றாங்க. போன வாரம் ஒரு தடவை சொன்னாங்க. இன்னிக்கு ரெண்டு தடவை, ரெண்டாவது நீங்க கத்தி ஓய்ஞ்ச பிறகு."

"எப்படிச் சொன்னாங்க? கோபமாகவா?" என்று கேட்டேன்.

"இல்லைண்ணே. சிரிச்சுக்கிட்டேதான்."

நாளை ஞாயிற்றுக்கிழமை. ஊருக்குப் போய்விடலாம் என்று இன்று மாலை பெட்டியில் துணியை அடுக்கினேன். அப்புறம் எல்லாவற்றையும் எடுத்துத் திரும்பக் கொடியில் போட்டுவிட்டேன். மூன்றாவது தடவையும் அவள் அதையேதான் சொல்கிறாளா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.