மானிட்டரில் செத்த புள்ளி

கிட்ட வந்து உட்காருங்க கண்ணுங்களா. சாப்பிட்டு முடிச்சாச்சா? முடிக்காதவங்க ரெண்டு வாய் அள்ளிப் போட்டுக்கிட்டு வாங்க. இந்தக் கதையைக் கேட்டபின் சோறு இறங்காது. பேய் பிசாசு ஒண்ணும் வராது இதுல. எல்லாமே நல்ல வெளிச்சத்துல நடந்தது. பயமா இருந்தா என் கையைப் புடிச்சுக்கோங்க.

காசிமேட்டுக்குப் பக்கத்தில் ஒரு எறா கம்பெனி. இறாலைத்தான் அங்கே எறா என்பார்கள். அங்கே மலர் என்று ஒருத்தி பதினோரு வருஷம் எறா உரித்தாள். ஐஸ் தண்ணியில் நாள் முழுக்க ஊறிய கை எப்படி இருக்கும்? நகக்கண் வெந்து, விரல் வெளுத்து, தோல் பழஞ்சோற்றுப் பருக்கை மாதிரி தொட்டாலே உரிந்து வரும். தன் எட்டு மாசப் பெண் குழந்தை சினேகாவை அவள் புறங்கையால்தான் தடவிக் கொடுப்பாள். மூன்று மாசத்துக்கு முன்னால்தான் அவளைக் கேமரா ரூமுக்கு மாற்றினார்கள். உரித்த எறா பெல்ட்டில் ஊர்ந்து வரும், மேலிருந்து கேமரா பார்க்கும், மானிட்டரில் ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலத்துக்குத் தெரியும். கரும்புள்ளி இருந்தால் பட்டனை அமுக்க வேண்டும், அந்த எறா தனியாக ஒதுங்கிவிடும். அவ்வளவுதான். உட்கார நாற்காலி. காய்ந்த கை. புண்ணெல்லாம் ஆற ஆரம்பித்திருந்தது.

ஒரு திங்கட்கிழமை காலை அவள் வரிசையாகப் பட்டனை அமுக்கிக்கொண்டே இருந்தாள். வந்த எறாவுக்கெல்லாம் ஒரே இடத்தில் புள்ளி. சூப்பர்வைசர் குணசுந்தரி கூடையோடு வந்து நின்றாள்.

"இன்னாடி மலரு, எறா தங்கமாட்டம் கீது, தூக்கிக் கெடாசிகினே கீற? ஓனர் வூட்டுக் கல்யாணத்துக்கு எடுத்து வெக்கிறியா?"

புள்ளி எறாவில் இல்லை. மானிட்டரில் இருந்தது. வலது பக்கம், கீழே, கடுகில் பாதி.

கொருக்குப்பேட்டையிலிருந்து மெக்கானிக் சௌக்கத் அலி வந்தார். திரை முழுக்க வெள்ளையாக்கினார், சிவப்பாக்கினார், பச்சையாக்கினார். எந்த நிறத்திலும் அது கறுப்பாகவே இருந்தது.

"டெட் பிக்சலும்மா. புள்ளி செத்துப் பூட்ச்சு. சுடுதண்ணியில துணிய நனைச்சி, நல்லாப் புழிஞ்சிட்டு, வெரல்ல சுத்தி மெதுவாத் தேச்சுப் பாரு. சிலது திரும்பும். திரும்பலைனா வேற மானிட்டர்தான். அமுக்கி ஒடச்சிராத தாயி, அப்பறம் என் தலையிலதான் கட்டுவாங்க."

டீ நேரத்தில் மலர் தேய்த்தாள். ஈரத்துணிக்குக் கீழே திரை முதலில் திரையாகத்தான் இருந்தது. வட்டம் வட்டமாகத் தேய்க்கத் தேய்க்க, அந்த ஒரு இடம் மட்டும் இளகிக் குழைந்து, மூன்று நாள் கெட்டுப்போன மீனின் கண்ணை விரலால் அழுத்தினால் எப்படி உள்வாங்குமோ அப்படி உள்வாங்கியது. ஏதோ பிதுங்கியது. வாடை வந்தது. எறா வாடை அவளுக்குப் பழக்கம், கழிவுக்கால்வாய் வாடையும் பழக்கம், இது வேறு. மூடிய வாய்க்குள் வெகுநாளாக இருந்தது போன்ற, வெதுவெதுப்பான, இனிப்பான நாற்றம். துணியில் கறுப்பாக, சளி மாதிரி ஒரு கோடு. திரையில் புள்ளி போயே போச்சு.

அந்த சந்தோஷத்தில் கை கழுவ மறந்துவிட்டாள். இமை அரித்தது. அதே விரலால் தேய்த்துவிட்டாள்.

மறுநாள் புள்ளி திரும்ப வந்தது. கொஞ்சம் மேலே. சொன்னதும் குணசுந்தரி புது மானிட்டர் வாங்கி வந்து, அட்டைப்பெட்டியைக் கிழித்து, கண்ணாடித்தாளை மலர் எதிரிலேயே உரித்து மாட்டினாள்.

புது மானிட்டரிலும் அது இருந்தது.

"இப்ப எப்டி கீது?"

மலர் சுவரைப் பார்த்தாள். சுவரிலும் இருந்தது. குணசுந்தரியின் மூக்குத்திக்குப் பக்கத்திலும். மலருக்குப் புரிந்துவிட்டது. ஆனால் கண்ணில் கோளாறு என்று சொன்னால் கேமரா ரூமில் வைத்திருக்க மாட்டார்கள். திரும்ப ஐஸ் தொட்டி. திரும்ப அந்த விரல்கள்.

"பளிச்சுனு கீதுக்கா," என்றாள்.

அந்தப் பொய்க்கப்புறம் அவள் ஒரு வித்தையைக் கற்றுக்கொண்டாள். புள்ளியை விட்டுவிட்டுப் பார்ப்பது. எறாவின் மேல் நின்றால், இல்லை என்று வைத்துக்கொள்வது. சோற்றில் நின்றால், பிசைந்து விழுங்கிவிடுவது. முதலில் குமட்டியது. நாலு நாளில் பழகியது. புள்ளி இரண்டானது, ஐந்தானது. அவள் அத்தனையையும் தள்ளிவிட்டுப் பார்த்தாள். காலையில் எழுந்தால் கண்முனையில் பீளை கறுப்பாகக் கட்டியிருக்கும். மண் மாதிரி நறநறக்கும். புடவைத் தலைப்பால் துடைத்துக்கொள்வாள். அவசரத்தில் அதே தலைப்பால் பாப்பாவின் ஜொள்ளையும் துடைப்பாள்.

"கண்ணுன்னா மலரு கண்ணுதான்டி," என்று குணசுந்தரி ஊரெல்லாம் சொன்னாள். "ஒரு எறா திரும்பி வர்ல பாரு."

அடுத்த வாரம் வியாழக்கிழமை சாயங்காலம் ஆறு மணி. திருவொற்றியூர் வீட்டில் டியூப்லைட் எரிந்தது. மலர் வேலைக்குப் போனால் குழந்தையைப் பார்த்துக்கொள்வது நாத்தனார் கன்னியம்மாதான். அவள் பாப்பாவை மடியில் நிறுத்திக் குதிக்கவிட்டுக்கொண்டிருந்தாள். பாப்பாவின் கன்னத்தில் ஒரு புள்ளி. மலர் பழக்கப்படி அதை விட்டுவிட்டுப் பார்த்தாள். வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள். பால் கொடுத்தாள். ஆறிப்போன விரலால் முதல்முறையாகக் கன்னத்தைத் தடவினாள். எவ்வளவு மெத்து!

"அண்ணி, இன்னிக்கி திருஷ்டிப் பொட்டு அழகா வெச்சிக்கீற," என்றாள் கன்னியம்மா. "எப்பவும் ஈஷி வுட்டுடுவ. இன்னிக்கி வட்டமா கீது."

மலரின் கை நின்றது.

"உனுக்குத் தெர்தா அது?"

"இன்னா அண்ணி கேக்குற? கன்னத்துல இம்மாம் பெருசா கீதே, தெரியாதா?"

"நான் பொட்டே வெக்கலியே."

கன்னியம்மா சிரித்தாள். மலர் சிரிக்கவில்லை. விரலை எடுத்துப் புள்ளியின் மேல் வைத்தாள்.

குழைந்தது.

அந்த வாடை. வெதுவெதுப்பாக. இனிப்பாக. பாப்பாவின் பால்வாய்க்குள்ளிருந்து.

புள்ளி விரலுக்கடியிலிருந்து நழுவியது. அவசரமில்லாமல். கன்னத்தில் ஏறியது. பின்னால் ஈரமாக ஒரு கோடு. கீழ் இமையை எட்டியது. நின்றது. இமையை மெல்லத் தூக்கியது, பாயைத் தூக்கி அடியில் புகுந்துகொள்கிற மாதிரி. வெள்ளை விழியில் ஒரு தரம் சுற்றியது. பின்னால் போய்விட்டது.

பாப்பா அழவில்லை. கண் சிமிட்டவில்லை. அம்மாவைப் பார்த்தது.

மலர் தன் விரலைப் பார்த்தாள். ஆறியிருந்த நகக்கண். ஒவ்வொன்றிலும் ஒரு புள்ளி.

"அண்ணி," கன்னியம்மா கண்ணைக் கசக்கினாள். "மண்ணு வுழுந்தாப்பல உறுத்துது அண்ணி."

பாப்பா வாயைத் திறந்து சிரித்தது. பல் முளைக்க வேண்டிய ஈறு. மேலே ஒரு வரிசை. கீழே ஒரு வரிசை. கறுப்பு. சின்னச் சின்னதாக. நெருக்கமாக. ஈரமாக.

அத்தனை புள்ளிகளும் ஒரே நேரத்தில், கண் மாதிரி, மலர் பக்கம் திரும்பின.

அவ்வளவுதான் கண்ணுங்களா. கையை விடுங்க, வியர்த்துப் போச்சு. போய் முகம் கழுவிட்டுப் படுங்க. உங்க வீட்டுப் பிள்ளைங்க கண்ணு இளநீராட்டம் தெளிஞ்சு கிடக்கட்டும். உங்க உலை எப்பவும் கொதிக்கட்டும். வேலைக்குப் போனவங்க போன மாதிரியே முழுசா வீடு வந்து சேரட்டும். பொய் சொன்னால்தான் சோறு என்கிற நிலைமை, உங்க வாசப்படி ஏறாமலே போகட்டும்.