தொட்டியை நகர்த்தி வைத்த திருடன்

விமான நிலையத்திலிருந்து நேராக இன்சூரன்ஸ் சர்வேயரின் அலுவலகத்துக்கு வந்திருந்தான் அந்த மனிதன். சக்கரம் வைத்த பெட்டியை வாசலிலேயே நிறுத்திவிட்டு, நாற்காலி நுனியில் உட்கார்ந்து, மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போனான்.

"எங்கம்மா தனியா இருக்காங்க மேடம். சொந்தக்காரங்க வீட்டுக்குப் போய் தங்கிட்டுத் திரும்பி வந்து பாத்தா, பின்கதவுக் கண்ணாடியை உடைச்சு யாரோ உள்ள பூந்திருக்கான். வெள்ளிச் சாமான், அம்மாவோட செயின், அப்பா வச்சிருந்த கேமரா எல்லாம் போச்சு. வீடும் என் பேர்ல, பாலிசியும் என் பேர்ல. நான் நேர்ல வந்து நின்னாத்தான் ஆகும்னு சொல்லிட்டாங்க. லீவு ரொம்பக் கம்மி. சட்டுபுட்டுன்னு முடிச்சுக் குடுத்தீங்கன்னா உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

சர்வேயர் அம்மாள் அவசரப்படவில்லை. தீயோ வெள்ளமோ திருட்டோ, இன்சூரன்ஸ் கேட்டு யார் வந்தாலும் இடத்துக்குப் போய்ப் பார்த்து, உண்மையாகவே போனது எது, போனதாகச் சொல்வது எது என்று பிரித்துச் சொல்வது அவர் தொழில். அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை.

"முதல்லயே சொல்லிடறேன்" என்றார். "உங்க பாலிசியில கதவையோ பூட்டையோ உடைச்சு உள்ள வந்த அடையாளம் இருந்தாத்தான் திருட்டுக்கு நஷ்டஈடு. திறந்து கிடந்த வீட்ல எவனோ தூக்கிட்டுப் போயிருந்தா கிடையாது. வீட்டு மனுஷங்களே எடுத்திருந்தா கிடையவே கிடையாது. நகைநட்டை முன்னாடியே தனியா எழுதிக் குடுத்திருக்கணும். பழைய பொருளுக்குத் தேய்மானம் கழிப்பாங்க. சம்மதமா?"

"எல்லாம் சம்மதம். சீக்கிரம் முடிஞ்சாப் போதும்."

பக்கத்து மேசையில் கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்த போட்டோக்காரர் அதற்குள் எழுந்து தோளில் பையை மாட்டியிருந்தார். கல்யாணங்களுக்குப் படமெடுத்துச் சலித்துப்போய் சர்வேயர் அம்மாளோடு சேர்ந்தவர் அவர். போகிற இடத்திலெல்லாம் ஒரு குற்றவாளியைக் கண்டுபிடித்துவிடத் துடிப்பார். ஒரே மகளைத் தொலைதூரக் கல்லூரிக்கு அனுப்பியதிலிருந்து அவருக்கு வீட்டுக்குப் போகவே மனம் வருவதில்லை. ஆகவே வேலை நீண்டால் சந்தோஷப்படுவார்.

வீட்டுக் கதவைத் திறந்த அம்மாளைத் தெருவே நர்ஸம்மா என்றுதான் அழைத்தது. பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். நறுக்கென்ற நடை, மடிப்புக் கலையாத புடவை. வந்தவர்களை அவர் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. பார்வையெல்லாம் அவர்களுக்குப் பின்னால், போனைக் காதில் வைத்தபடி வந்த மகன் மேல்தான் இருந்தது.

"வாங்க, வாங்க. நிதானமாப் பாருங்க. அவசரமே இல்லை" என்றார்.

"அம்மா, எனக்கு அவசரம்" என்றான் மகன். போனைக் கையால் பொத்திக்கொண்டு சொல்லிவிட்டு, மறுபடியும் பேசப் போய்விட்டான்.

"எதையாவது தொட்டீங்களா?" என்று கேட்டார் சர்வேயர் அம்மாள்.

"ஒரு துரும்பைக்கூடத் தொடலை. ஆபரேஷன் தியேட்டர்லயே காலம் தள்ளினவ நான். எதைத் தொடணும், எதைத் தொடக்கூடாதுன்னு தெரியாதா?"

பின்கதவின் மேல்பாதி கண்ணாடிச் சதுரங்களால் ஆனது. தாழ்ப்பாளுக்குப் பக்கத்துச் சதுரம் மட்டும் இல்லை. அதன் விளிம்பில் வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

"கில்லாடி!" என்றார் போட்டோக்காரர். "சத்தம் வராம இருக்கப் பிளாஸ்திரி போட்டு உடைச்சிருக்கான் பாருங்க அக்கா. நல்லாத் தொழில் தெரிஞ்சவன்."

"படத்தை எடுங்க தம்பி" என்றார் அவர். "தரையையும் எடுங்க."

தரையில் எடுப்பதற்கு ஒன்றுமில்லை. சுத்தமாக இருந்தது. கதவை ஒட்டி, செடித் தொட்டி ஒன்று இருந்ததற்கான வட்டக் கறை தெரிந்தது. தொட்டியோ சுவர் ஓரமாக நகர்த்தப்பட்டு, அடியில் ஒரு தட்டோடு, இலை கசங்காமல் நின்றது. கொல்லைப்புறக் குப்பைக் கூடையில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம். உடைந்த கண்ணாடி. காயத்துக்குக் கட்டும் துணியால் இறுக்கி முடிச்சுப் போடப்பட்டிருந்தது. போட்டோக்காரர் கடமைக்கு அதையும் எடுத்தார்.

அப்போது மாடிப்படியில் ஒரு குரல் கேட்டது. "நர்ஸம்மா, தண்ணி தொட்டி ரொம்பிடுச்சு. மோட்டாரை நிறுத்தட்டுமா?"

மாடியில் குடியிருந்த எலக்ட்ரீஷியன் அவன். கையில் டெஸ்டரும் முகத்தில் சிரிப்புமாக இறங்கி வந்தான். அவன் அந்தப் பக்கம் போனதும் மகன் கிட்டே வந்து தணிந்த குரலில் சொன்னான்.

"வீட்டுச் சாவி ஒண்ணு அவன்கிட்டயும் இருக்கு மேடம். அம்மாதான் குடுத்து வச்சிருக்காங்க. போலீஸுக்கும் போன்ல சொல்லிட்டேன்."

போட்டோக்காரருக்கு மனசுக்குள் மணி அடித்தது. ஆள் கிடைத்துவிட்டான்!

அவர்கள் புறப்படும் நேரத்தில் நர்ஸம்மா வாசல்வரை ஓடிவந்தார். "ஐயோ, சொல்ல மறந்தே போச்சு. சின்ன வெள்ளிக் கிண்ணம் ஒண்ணையும் காணோம். இவன் குழந்தையில சாப்பிட்டது. அதையும் சேத்தா எல்லாம் மறுபடி எழுதணும் இல்ல? பரவாயில்லை, நாளைக்கு வாங்க."

மகன் நெற்றியைப் பிடித்துக்கொண்டான். அன்றே அவன் பயணத் தேதி தள்ளிப்போனது.

மறுநாள் போனபோது கிண்ணத்தோடு ஒரு கைக்கடிகாரமும் காணாமல் போயிருந்தது. அதற்கடுத்த முறை ஒரு பேனா. ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை இருந்தது. ஒவ்வொரு கதையிலும் மகன் இருந்தான்: கடிகாரத்தைத் தண்ணீரில் முக்கி வைத்து அப்பாவிடம் அடி வாங்கியவன், பேனாவை முதல் பரீட்சைக்கு இரவல் கேட்டவன். நர்ஸம்மா சொல்லச் சொல்ல, அந்த மகன் பக்கத்து அறையில் வேறொரு நாட்டின் பகல் நேரத்துக்கு ஏற்பப் போனில் பேசிக்கொண்டிருந்தான். அறைக் கதவு திறந்திருந்தது. பெட்டியிலிருந்து அவன் துணிகளை வெளியே எடுக்கவே இல்லை. நர்ஸம்மா ஆறிப்போன டீயைத் திரும்ப எடுத்துப்போக வந்தவர் போல அறை வாசலில் நின்று அவன் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார். டீ இன்னும் ஆறியிருக்கவில்லை என்பதைப் போட்டோக்காரர் கவனித்தார். அவருக்குத் தன் மகள் விட்டுப்போன செருப்பு ஞாபகம் வந்தது.

"இந்தப் பேனா எப்படிப் போயிருக்கும்?" என்று கேட்டார் சர்வேயர் அம்மாள்.

"வெள்ளியை எல்லாம் துணியில சுத்தி எடுத்து வச்சப்பவே இதையும் கூடச் சேத்து..." என்று சொன்ன நர்ஸம்மா, "போயிருக்கும், எப்படியோ" என்று முடித்தார்.

போட்டோக்காரருக்கு அந்தப் பேச்சில் ஏதோ ஒன்று உறுத்தியது. என்னவென்று பிடிபடவில்லை.

காரில் சர்வேயர் அம்மாள் பாலிசி விற்ற ஏஜெண்டைப் போனில் பிடித்தார். ஏஜெண்ட் உற்சாகமாகப் பேசினார். "அந்தம்மா ரொம்ப விவரம் மேடம். திருட்டுக்கு முன்னாடியே எல்லாம் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டாங்க. உடைச்ச அடையாளம் வேணுமா, பையன் போன்ல சொன்னாப் போதுமா, இல்ல நேர்லதான் வரணுமான்னு. இந்த மாதிரி யாரு கேக்கறாங்க இந்தக் காலத்துல?"

சர்வேயர் அம்மாள் அதை அப்படியே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

அடுத்த முறை போனபோது எலக்ட்ரீஷியன் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான். சிரிப்பில்லை. போலீஸ் நிலையத்துக்குக் கூப்பிட்டு நாள் முழுக்க உட்கார வைத்திருந்தார்கள். அவன் வழக்கமாக வேலை பார்க்கும் அடுக்குமாடிக் குடியிருப்பின் செயலாளர், இனிமேல் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். உள்ளே நர்ஸம்மா, "நான் அவன் பேரைச் சொல்லவே இல்லையே... அவன் பேரை நான் சொல்லவே இல்லையே..." என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

"அவரையும் உள்ள கூப்பிடுங்க" என்றார் சர்வேயர் அம்மாள். "எல்லாரும் உக்காருங்க. இன்னிக்கு முடிச்சிடலாம்."

மகனும் நர்ஸம்மாவும் சோபாவில் உட்கார்ந்தார்கள். எலக்ட்ரீஷியன் உட்கார மாட்டேன் என்று சுவரில் சாய்ந்து நின்றான். போட்டோக்காரர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார், எந்த நிமிஷமும் ஓடிவிடுவான் என்பதுபோல.

"சாவி வச்சிருக்கறவருக்குக் கண்ணாடியை உடைக்க என்ன அவசியம்?" என்று ஆரம்பித்தார் சர்வேயர் அம்மாள்.

"சந்தேகம் வராம இருக்கத்தான்" என்றார் போட்டோக்காரர் சட்டென்று.

"சரி, அப்படியே வச்சுக்குவோம். சந்தேகம் வரக்கூடாதுன்னு உடைக்கறவன், உடைச்சது பளிச்சுனு தெரியற மாதிரி சில்லை எல்லாம் சிதற விட்டுட்டுப் போவான். இந்தத் திருடன் என்ன பண்ணியிருக்கான்? சில்லு தெறிக்கக் கூடாதுன்னு பிளாஸ்திரி ஒட்டியிருக்கான். விழுந்ததைப் பொறுக்கிப் பேப்பர்ல சுத்தி, குப்பை அள்ள வர்றவங்க கையைக் கிழிக்கக் கூடாதுன்னு முடிச்சுப் போட்டிருக்கான். செடி மேல கண்ணாடி விழக் கூடாதுன்னு தொட்டியை நகர்த்தி, தரை கறையாகக் கூடாதுன்னு அடியில தட்டு வச்சிருக்கான். வீட்டம்மா ஒரு துரும்பைக்கூடத் தொடலைன்னு சொன்னாங்க. அப்ப இதெல்லாம் திருடன் செஞ்சதுதான். இவ்வளவு கரிசனமான திருடனை நான் இதுவரைக்கும் பாத்ததில்லை."

மகன் போனை மடியில் கவிழ்த்து வைத்தான்.

"அப்புறம் ஒரு வார்த்தை. திருடன் பொருளை எடுத்துட்டுப் போவான். துணியில சுத்தி எடுத்து வைக்கறது வீட்டுக்காரங்க. அம்மா, நீங்க 'எடுத்து வச்சப்ப'ன்னு சொன்னீங்க."

போட்டோக்காரர் நெற்றியில் அடித்துக்கொண்டார். உறுத்தியது அதுதான்.

"பணத்துக்காகப் பொய் சொல்றவங்க நான் போனாப் போதும்னு இருப்பாங்க. நீங்க ஒவ்வொரு தடவையும் என்னைத் திரும்ப வரவழைச்சீங்க. அதுவும் தேய்மானம் கழிச்சா ஒண்ணுமே தேறாத பொருளாச் சொல்லி. வேலை இழுக்க இழுக்க, பயணம் தள்ளிப் போச்சு. பாலிசிக்காரர் நேர்லதான் வரணுமான்னு ஏஜெண்டைக் கேட்டிருக்கீங்க. உங்களுக்கு வேண்டியிருந்தது நஷ்டஈடு இல்லைம்மா." அவர் குரல் இன்னும் தணிந்தது. "எங்க வச்சிருக்கீங்க?"

நர்ஸம்மா எழுந்தார். மகனின் அறைக்குள் போய், அவன் படுத்துக்கொண்டிருந்த கட்டிலின் அடி இழுப்பறையைச் சிரமப்பட்டு இழுத்தார். துணியில் சுற்றிய வெள்ளி, செயின், கேமரா, கிண்ணம், கடிகாரம், பேனா எல்லாம் இருந்தன. இத்தனை நாளும் மகன் அவற்றின் மேல்தான் படுத்துத் தூங்கியிருந்தான்.

"என்னம்மா இது?" என்றான் அவன். கோபமா, திகைப்பா என்று அவனுக்கே தெரியவில்லை. "என்னைப் பாக்கணும்னா ஒரு போன் பண்ணியிருக்கக் கூடாதா?"

"பண்ணினேனேப்பா. வாரா வாரம் பண்ணினேன். எப்படி இருக்கேன்னு கேட்டே, நல்லா இருக்கேன்னேன். நல்லா இருக்கறவளைப் பாக்க யாரு வருவா?"

நர்ஸம்மா எலக்ட்ரீஷியன் பக்கம் திரும்பிக் கைகூப்பினார். "உனக்கு இப்படி ஆகும்னு நான் கனவுலகூட நினைக்கலை. என்னை மன்னிச்சிடு ராஜா."

"எனக்குக் காய்ச்சல் வந்தப்ப ராத்திரி பூரா முழிச்சிருந்து பாத்தவங்க நீங்க" என்றான் அவன். "அதனாலதான் இது தாங்கலை. ஸ்டேஷன்ல என்னை என்னவெல்லாம் கேட்டாங்க தெரியுமா? நான் வேற வீடு பாத்துக்கறேன் நர்ஸம்மா." மன்னித்தேன் என்று அவன் சொல்லவில்லை. யாரும் சொல்லச் சொல்லவும் இல்லை.

"என் அறிக்கையில பொய் வராது" என்றார் சர்வேயர் அம்மாள். "பொருள் வீட்டுக்குள்ளயே கிடைச்சுது, நஷ்டம் இல்லை, நஷ்டஈடு கேட்டதைத் திரும்ப வாங்கிக்கிட்டாங்கன்னு எழுதுவேன். என்ன நடந்ததுன்னும் எழுதுவேன். பாலிசியை ரத்து பண்ணுவாங்க, அது அவங்க இஷ்டம். ஆனா முதல்ல ஸ்டேஷனுக்குப் போய்ப் புகாரைத் திரும்ப வாங்குங்க. அப்புறம் அந்தக் குடியிருப்புக்குப் போங்க. இவர் மேல ஒரு குத்தமும் இல்லைன்னு உங்க வாயால சொல்லணும்."

"நானும் வர்றேன்" என்றான் மகன்.

போலீஸ் நிலையத்தில் இன்ஸ்பெக்டர் காட்டுக்கத்தல் கத்தினார். பொய்ப் புகாருக்கு உள்ளே தள்ளலாம் தெரியுமா, வயசுக்கு ஏத்த புத்தி வேண்டாமா என்று எகிறினார். நர்ஸம்மா தலைகுனிந்து நின்றார். மகன் முன்னால் வந்து நின்றான்.

"அவங்களைத் திட்டாதீங்க சார். கையெழுத்து நான் போடறேன். அந்தப் பையன் பேரைச் சொன்னது நான்தான். என்ன கேக்கணுமோ என்கிட்ட கேளுங்க."

இன்ஸ்பெக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் எச்சரித்து அனுப்பிவிட்டார். குடியிருப்புச் செயலாளரிடம் மகன் அரை மணி நேரம் பேசினான். எலக்ட்ரீஷியனுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. ஆனாலும் அவன் வேறு வீடு பார்த்துக்கொண்டு போனான்.

ஸ்டேஷனுக்குப் போன அன்று சாயங்காலமே அந்தத் தெரு முனையில் காரை நிறுத்திவிட்டுச் சர்வேயர் அம்மாளும் போட்டோக்காரரும் அதற்குள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள். தாயும் மகனும் நடந்து வந்துகொண்டிருந்தார்கள். விஷயம் அவர்களுக்கு முன்பே தெருவுக்கு வந்துவிட்டிருந்தது. கடை வாசல்களில் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"பாவம், தலையைக் குனிஞ்சுக்கிட்டு வேகமாப் போயிடுவாங்க" என்றார் போட்டோக்காரர்.

நர்ஸம்மா வேகமாகப் போகவில்லை. மருந்துக்கடை முன்னால் நின்றார். புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, உள்ளே இருந்தவரைக் கூப்பிட்டார். "இவன்தான் என் பையன். வெளிநாட்டுல இருக்கான்னு சொல்வேனே." தையல்கடையிலும் நின்றார். "என் பையன்." மகன் முகம் சிவந்து நெளிந்தான். "அம்மா, போதும், வாங்க" என்று அவர் கையைப் பிடித்து இழுத்தான்.

பெட்டிக்கடைக்காரர் எதுவும் கேட்கவில்லை. நர்ஸம்மா அங்கேயும் நின்றார். "இவன்..." என்று தொடங்கியவர், தலைப்பை எடுத்து மறுபடியும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மகன் அவர் கையை இழுப்பதை நிறுத்தினான். பிறகு, "நான் இவங்க பையன்" என்றான்.