முட்கள் சாய்ந்த பக்கம்

குறுமண்வெளித் துறையில் பாதை வந்து தட்டியபோது பிற்பகல் இரண்டு மணியிருக்கும். இரண்டு மோட்டார் சைக்கிள், ஒரு மீன் பெட்டி, குடையோடு நான். வாவியைக் கடக்கும் தட்டையான மிதவையைத்தான் இங்கே பாதை என்போம், அதில் அன்று அவ்வளவுதான் சுமை. தண்ணீர் அசையாமல் கிடந்தது, வெயில் கண்ணைக் குத்தியது. பேய்க்கதைக்கு ஏற்ற நேரம் இதுவல்ல என்று நினைக்கிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள்.

பாதைக்காரர் வினாயகமூர்த்தி கயிற்றை அவிழ்த்தபடி கேட்டார்.

"மண்டூரில ஆர்ட வீட்டுக்குப் புள்ள?"

"பழைய நெல்லு மில்லுக்கு."

"ஜெயந்தன் மாஸ்டர்ட மில்லுக்கா? நல்ல மனிசன். கிழமையில ரெண்டு தரம் நம்மட பாதையிலதான் வருவார். அண்டைக்குக் கடைசிப் பாதை போயிற்று எண்டு தோணியில வெளிக்கிட்டு, அந்தக் காத்துக்குள்ள..." அவர் தலையை ஆட்டினார். "அவர்ட பொஞ்சாதி இன்னும் அங்க தனியத்தான் இரிக்கிறா. நீங்க அவட சொந்தமா?"

ஜெயந்தன் தாலி கட்டிய பெண்சாதி நான். பெயர் கேதீஸ்வரி. பத்து வருடம் அவரோடு வாழ்ந்தேன், பதினொரு மாதமாக அவருடைய படத்துக்கு விளக்கேற்றுகிறேன்.

"ஓம். தூரத்துச் சொந்தம்" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

நான் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள். அவரை முதலில் பார்த்ததே படத்தில்தான். இடது காறை எலும்புக்குக் கீழே புளியங்கொட்டை அளவில் ஒரு வெள்ளைப் புள்ளி. போர்க்காலத்தில் வாகரைப் பக்கம் இடம்பெயர்ந்து போகும்போது செல் வெடித்துத் தெறித்த இரும்புத் துண்டு. இரத்தக் குழாயை ஒட்டிக் கிடந்ததால் எடுக்காமல் விட்டிருந்தார்கள். பிறகு ஒருநாள் காந்த ஸ்கான் எடுக்க வந்தவரை வாசலிலேயே நான் மறித்தேன். "உள்ளுக்குக் கிடக்கிற இரும்பை அந்தக் காந்தம் இழுத்திரும்" என்றேன். "அப்ப எனக்கும் காந்தத்துக்கும் ஒரு உறவு இரிக்கி" என்று சிரித்தார். அன்றைக்குப் பிடித்தது அந்தப் பைத்தியம்.

சித்திர ஆசிரியர் அவர். மாவைவிட மெல்லிய இரும்புத் தூளை எண்ணெயில் கலந்து ஒரு கறுப்புத் திரவம் செய்வார். சும்மா கிடந்தால் கறுப்புத் தண்ணீர். கீழே காந்தம் வந்தால் முள் முள்ளாக எழுந்து நிற்கும். மின்சாரத்தைக் கூட்டிக் குறைத்து அந்த முட்களை நடக்கவைப்பார், விழவைப்பார். சிற்பம் என்றால் அசையக்கூடாது என்று யார் சொன்னது என்று கேட்பார். அவருடைய சட்டைகளில் எப்போதும் மண்ணெண்ணெய் மணக்கும். பத்து வருடம் அந்தச் சட்டைகளைத் தோய்த்தவள் நான்.

கலியாணமான வருடம் எனக்கு ஒரு சின்னக் கண்ணாடிப் போத்தல் தந்தார். உள்ளே தண்ணீர், அடியில் ஒரு கரண்டி கறுப்புத் திரவம். அவர் மேசைக்கு வந்து குந்தினால் அது முள்ளாக எழுந்து அவர் பக்கம் சாயும். கைக்குள் காந்தத்தை ஒளித்துவைத்திருப்பார் என்று எனக்குத் தெரியும். "இல்ல கேதீஸ், என்ட நெஞ்சுக்குள்ள கிடக்கிற இரும்பை அதுக்குத் தெரியும்" என்பார். அவர் போன பிறகு, படத்துக்குச் சோறு படைத்துவிட்டு அந்தப் போத்தலைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். பதினொரு மாதமும் அது அசையவில்லை.

சாகிற அன்று கல்குடாவில் பட்டறை, நாளைக்குத்தான் வருவேன் என்று சொல்லிப் போனார். கல்குடா வடக்கே. உடல் கிடைத்ததோ தெற்கே, மண்டூர்த் துறையில். நீரோட்டம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எந்த நீரோட்டம் அவ்வளவு தூரம் இழுக்கும்? கேட்க ஆளில்லாத கேள்வியை நானும் கேட்கவில்லை.

மூன்று நாளுக்கு முன் ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தாள். பெயர் விதுர்ஷா என்றாள். "மாஸ்டர்ட சிற்பம் ஒண்டு இஞ்ச கிடக்கு அக்கா. ஒருக்கா வந்து பாருங்க. எனக்குப் பயமா இரிக்கி."

மில் வாசலில் அவள் நின்றாள். முப்பது வயதிருக்கும். மெலிந்த முகம். அந்த வெயிலிலும் அவளுடைய பாவாடை முழங்காலுக்கு மேல்வரை ஈரமாக இருந்தது. காலில் வாவிச் சேறு.

உள்ளே பழைய தவிட்டு வாசம். அதற்கு மேலே மண்ணெண்ணெய்.

நடுவில் வண்டிச் சக்கரம் அளவு கண்ணாடித் தட்டு. அதற்குள் கறுப்புத் திரவம், அடியில் செப்புச் சுருள்கள்.

"இதுக்கு ‘ரெண்டு பேர்’ எண்டு பேர். அவர் வெச்ச பேர்."

தொலைபேசியில் மாஸ்டராக இருந்தவர் இங்கே அவராகிவிட்டார்.

சுவிட்சைப் போட்டாள். சுருள்கள் மெல்ல முனகின. திரவம் இரண்டு இடத்தில் குமிழ்ந்து, முட்களோடு இரண்டு கூம்புகளாக எழுந்தது. ஒன்றை ஒன்று சுற்றி வந்தன. நெருங்கின, முட்கள் தொடும் நேரத்தில் விலகின. அழகாகத்தான் இருந்தது. எனக்குக் காட்டாமல் இவ்வளவு அழகாக ஒன்றைச் செய்திருக்கிறாரே என்று நெஞ்சு எரிந்தது.

"இப்ப பாருங்க" என்று மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கினாள்.

முனகல் நின்றது.

ஒரு கூம்பு தட்டில் விழுந்து தண்ணீரானது.

மற்றது விழவில்லை.

மின்சாரம் இல்லை, காந்தமும் இல்லை. அது நின்றது. பிறகு முட்களையெல்லாம் ஒரே பக்கம் சாய்த்தது. விதுர்ஷாவின் இடது தோளுக்குப் பின்னால், ஒன்றுமில்லாத ஓர் இடத்தை நோக்கி.

என் வீட்டுத் திறப்புக் கொத்தின் இரும்பைக் கிட்டக் கொண்டுபோனேன். அது சட்டை செய்யவில்லை.

"உங்கட உடம்பில என்னத்த வெச்சிருக்கீங்க?" என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது.

அவள் திரும்பி, சட்டையின் பின்கழுத்தை இறக்கிக் காட்டினாள். வலது தோள்பட்டைக்குக் கீழே சுருங்கிய தழும்பு.

"எனக்கும் கிடக்கு அக்கா. அவருக்குப் பட்ட அதே செல். எனக்கு அப்ப பன்ரெண்டு வயசு. அவர்தான் தூக்கிற்று ஓடின. பிறகு மூணு வருசத்துக்கு முன்ன, ஒரு கண்காட்சியில திரும்பவும் அவரைக் கண்ட. அதுக்குப் பிறகுதான்..."

மிச்சம் எனக்கு விளங்கிவிட்டது. செல் விழுந்த அந்த நாளின் கதையை அவர் நூறு தரம் எனக்குச் சொல்லியிருக்கிறார். அந்தத் தெரு, அவருடைய தாய் விழுந்த இடம், அறுத்துக்கொண்டு ஓடிய மாடு எல்லாம் எனக்குத் தெரியும். அதில் ஒரு பிள்ளை இருந்ததே இல்லை. அந்தப் பிள்ளையை மட்டும் எனக்குத் தராமல் வைத்திருந்திருக்கிறார்.

"அப்ப உங்கட இரும்புக்குத்தான் இது சாயுது" என்றேன்.

"நானும் அப்பிடித்தான் நினைச்ச." அவள் குரலைத் தாழ்த்தினாள். "நான் வெளிய போறன். நீங்க இஞ்சயே நிண்டு பாருங்க."

வாசலைத் தாண்டிப் போய் வெயிலில் நின்றாள்.

கூம்பு அசையவில்லை. அவள் முன்பு நின்ற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

பிறகு கொஞ்சம் திரும்பியது. நின்றது.

இன்னும் கொஞ்சம் திரும்பியது. நின்றது.

ஓர் ஆள் எட்டு வைத்து நடப்பதற்கு எவ்வளவு நேரம் பிடிக்குமோ, அவ்வளவு நேரத்துக்கு ஒருதரம்.

முட்களின் முனை காட்டிய உயரத்தைப் பார்த்தேன். நிலத்திலிருந்து நாலரை அடி. எத்தனை தரம் அவருடைய தோளைப் பிடித்து எக்ஸ்ரே பலகையில் நிறுத்தியிருக்கிறேன். அந்தச் செல் துண்டு கிடந்த உயரம் எனக்குத் தெரியாதா?

மேசைக்கும் வாசலுக்கும் நடுவில் நான் நின்றேன்.

மண்ணெண்ணெய் மணம் முகத்துக்கு நேரே வந்தது. அதனோடு வாவிச் சேற்றின் மணமும். என் கன்னத்துப் பக்கம் குளிர்ந்தது. கையை நீட்டினால் தொட்டிருப்பேன். நெஞ்சு முழுக்க ஒரே சொல்தான் இருந்தது. நில்லுங்க. பதினொரு மாதம் சோறு வைத்தேனே, நில்லுங்க.

அவர் நிற்கவில்லை. என்னைக் கடந்து அவளிடம் போனார்.

உயிரோடு இருந்தபோது செய்ததை மறந்துகூட விடலாம். செத்த பிறகும் வழி தெரிந்து இவளிடம்தானே வந்திருக்கிறார்.

விதுர்ஷா உள்ளே ஓடிவந்து என் கைகளைப் பிடித்தாள். அவள் கை பனிக்கட்டியாக இருந்தது.

"அவரைக் கூட்டிற்றுப் போங்க அக்கா. ஒவ்வொரு நாளும் என்னைத் துறைக்குக் கொண்டுபோறார். முதுகுக்குள்ள கிடக்கிற இரும்பு என்னை இழுக்குது. முந்தநாள் நெஞ்சளவு தண்ணியில நிக்கக்குள்ளதான் எனக்கு நினைவு வந்த. இண்டைக்கும் நீங்க வாறதுக்குச் சரியா முன்னுக்கு... நீங்க தாலி கட்டின பொஞ்சாதி. நீங்க கூப்பிட்டா வருவார்."

"வேற எங்கயாவது போகலாமே."

"போன. உன்னிச்சைக்குப் போய் மாமி வீட்டில ரெண்டு நாள் நிண்ட. அங்க குளத்துக்குள்ள இறங்கிற்றன்."

அவள் கிடுகிடுவென்று நடுங்கினாள். பொய்யாக நடுங்க யாராலும் முடியாது. இவள் சாகப்போகிறாள் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. இதை நான் மறைக்கவில்லை.

வாய் திறந்தேன். அவருடைய பெயரைச் சொல்லி நான் ஒருநாளும் கூப்பிட்டதில்லை.

"இஞ்சாருங்க."

கூம்பு நின்றது. முட்கள் நடுங்கின. பிறகு, ஐயோ, மெல்ல என் பக்கம் திரும்பின. என் முகத்தைத் தேடுவதுபோல உயர்ந்தன. இன்னும் ஒருதரம் வாங்க என்று சொல்லியிருந்தால் வந்திருப்பார். பின்னால் வர, இருவருமாகப் பாதை ஏறி வீட்டுக்குப் போயிருப்போம்.

சந்தோசம்தான் முதலில் வந்தது. அதற்குப் பின்னாலேயே வந்தது பாதைக்காரரின் குரல். அவர்ட பொஞ்சாதி அங்க தனிய இரிக்கிறா.

"கல்குடாவுக்குப் போறன் எண்டுதானே சொன்னீங்க?" என்றேன், அந்த வெறும் இடத்தைப் பார்த்து. "பொய் சொல்லிற்று ஆரைத் தேடி வந்தீங்களோ, அவளோடயே இருங்க. எனக்கு வேணா."

முட்கள் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தன. பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பிக்கொண்டன.

"அக்கா!" என்று அவள் கத்தியது பாதைத் துறைவரை கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்தக் கிழமை முழுவதும் அவளுடைய அழைப்பு வந்தது. முதலில் காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று. பிறகு எண்ணிக்கையே இல்லை. நான் போனைக் கவிழ்த்துவைத்தேன். வியாழக்கிழமை பின்னேரம் ஒரு சின்னப் பையனின் முறிந்த கையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது கடைசியாக அடித்தது. நெடுநேரம் அடித்து நின்றது.

சனிக்கிழமை காலை பொலிசில் இருந்து போன் எடுத்தார்கள். அவளுடைய போனில் கடைசி இலக்கம் என்னுடையதாம். மண்டூர்த் துறையில் கிடைத்திருக்கிறாள். அவரைக் கண்டெடுத்த அதே இடத்தில். என்ன உறவு என்று கேட்டார்கள்.

"தூரத்துச் சொந்தம்" என்றேன்.

ஞாயிறு காலை தேத்தண்ணி போட்டுக்கொண்டு நின்றேன். நல்ல வெளிச்சம். பக்கத்து வீட்டில் ரேடியோ பாடியது. முதலில் மண்ணெண்ணெய் மணந்தது. அடுப்பு காஸ் அடுப்பு. வீட்டில் மண்ணெண்ணெய் இல்லை.

சாப்பாட்டு மேசையைத் திரும்பிப் பார்த்தேன்.

போத்தலுக்குள் கறுப்பு முள் ஒன்று எழுந்து நின்றது. அவர் வழமையாகக் குந்தும் கதிரையின் பக்கம் சாய்ந்திருந்தது.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குச் சந்தோசமாக இருந்தது. அழுகையும் வந்தது. விரட்டிவிட்டவளிடமே திரும்பி வந்திருக்கிறார். எல்லாம் முடிந்து, கடைசியில் என் வீட்டுக்குத்தான் வந்திருக்கிறார். சீனி குறைத்து, அவருக்குப் பிடித்த மாதிரி இன்னொரு கோப்பை தேத்தண்ணி ஊற்றினேன். அந்தக் கதிரைக்கு முன்னால் வைத்தேன்.

"இஞ்சாருங்க" என்றேன். "குடியுங்க."

என்னுடைய கோப்பையை எடுத்துக்கொண்டு பக்கத்துக் கதிரையில் குந்தப் போனேன். பத்து வருடம் அது என்னுடைய கதிரை.

கதிரை ஈரமாக இருந்தது. இருக்கையில் தண்ணீர், காலடியில் வாவிச் சேறு.

போத்தலைப் பார்த்தேன்.

உள்ளே இரண்டாவது முள் மெல்ல எழுந்துகொண்டிருந்தது. அது என்னுடைய கதிரைப் பக்கம் சாய்ந்தது.

இது நடந்து நாற்பது நாளாகிறது. போத்தலை வாவியில் எறிந்தேன். இப்போது அவருடைய படத்துக்கு முன் ஏற்றும் விளக்கின் எண்ணெய் கறுத்து, அதற்குள் இரண்டு முள் நிற்கிறது. போட்டுவைக்கும் தேத்தண்ணியில் ஒவ்வொரு நாளும் இரண்டு கோப்பை குறைகிறது.

நான் குசினியில் நின்றபடியே குடிக்கிறேன். என் வீட்டு மேசையில் எனக்கு இடமில்லை.