மைக்கை நகர்த்தியது யார்?

வெனிலாவுக்குக் கோகுலகிருஷ்ணன்மேல் சந்தேகம் வரக் காரணம் ஒரு தண்ணீர் பாட்டில்.

திண்டிவனத்தில், வெனிலாவின் வீட்டு மாடி அறையில் ஒரு பாட்டுப்பதிவு நடந்துகொண்டிருந்தது. விழுப்புரத்தில் சிறுவர்களுக்கான பாட்டுப் போட்டி வைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் பாட்டைப் பதிவு செய்து அனுப்ப வேண்டும். பிடித்துப்போனால் மேடையில் பாட அழைப்பார்கள். மூன்று பேர் சேர்ந்து மல்லாட்டை என்கிற வேர்க்கடலையைப் பற்றி ஒரு பாட்டு எழுதியிருந்தார்கள். வெனிலாவின் அக்கா ஜெசி எலெக்ட்ரிக் கிடார் வாசிப்பாள். வெனிலாவோடு ஆறாம் வகுப்பில் படிக்கும் கோகுல் பாடுவான். வெனிலாவுக்கு மைக் வேலை.

மைக் வேலை சும்மா இல்லை. எலெக்ட்ரிக் கிடாரின் ஒலி ஆம்ப் என்ற பெட்டியிலிருந்துதான் வரும். பெட்டியின் முன்பக்கத் துணிக்குப் பின்னால், டிபன் தட்டு அளவில் வட்டமாக ஒரு ஸ்பீக்கர் இருக்கும். அதன் நடுவுக்கு நேராக மைக்கை வைத்தால் ஒலி ஊசியாகக் குத்தும். ஓரத்துக்கு நேராக வைத்தால், போர்வைக்குள்ளிருந்து யாரோ முனகுவதுபோல மங்கிவிடும். வெனிலா ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மைக்கைத் தள்ளித் தள்ளிக் கேட்டு, நடுவிலிருந்து இரண்டு விரல் விலகிய ஓர் இடத்தைப் பிடித்திருந்தாள். அங்கே வைத்தால் கிடார் நம் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல இருந்தது.

முதலில் கிடாரைப் பதிவு செய்துவிட்டுப் பிறகு கோகுலின் குரலைச் சேர்ப்பதாகத் திட்டம். முதல் சரணம் அழகாக வந்தது.

இரண்டாம் சரணத்தின் பாதியில் அம்மா அமல்ராணி சுண்டல் சாப்பிடக் கூப்பிட்டார். சாப்பிட்டுவிட்டு வந்து மீதியைப் பதிவு செய்தார்கள். கேட்டுப் பார்த்தால், முன்பாதியில் ஒரு கிடார், பின்பாதியில் வேறு கிடார்! வெனிலா ஆம்ப் முன்னால் மண்டியிட்டுப் பார்த்தாள். மைக் ஸ்பீக்கரின் ஓரத்துக்கு நேராக இருந்தது.

யாரோ நகர்த்தியிருக்கிறார்கள்.

சுண்டல் சாப்பிடும்போது கோகுல் மட்டும் நடுவில் எழுந்து மாடிக்குப் போனான். தண்ணீர் பாட்டிலை எடுக்கப் போவதாகச் சொன்னான். ஆனால் பாட்டில் அவன் காலடியிலேயே இருந்தது. அதை வெனிலா பார்த்துவிட்டாள்.

இன்னொன்றும் அவள் நினைவுக்கு வந்தது. முதல் நாள் கோகுல், தானும் ஒரு தடவை மைக்கை வைத்துப் பார்க்கட்டுமா என்று கேட்டான். அவள்தான் கூடாது என்று சொல்லிவிட்டாள். அந்தக் கோபமாக இருக்குமோ?

அன்றிலிருந்து அவள் கண் கோகுலை விட்டு அகலவே இல்லை. அவன் தும்மினால்கூட எதற்குத் தும்முகிறான் என்று யோசித்தாள்.

மறுநாள் மைக்கை மறுபடி சரியான இடத்தில் வைத்து, ஸ்டாண்டின் கால்களைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டாள். யாராவது தொட்டால் கோடு காட்டிக்கொடுத்துவிடும். இடைவேளையில் கோகுல் மறுபடி மாடிக்குப் போனான். கதவைக்கூடச் சாத்திக்கொண்டான். திரும்பிப் போய்ப் பதிவு செய்தால், கிடார் மறுபடியும் போர்வைக்குள்.

வெனிலா ஓடிப்போய்க் கோட்டைப் பார்த்தாள். கோடு கலையவே இல்லை. ஸ்டாண்டின் மூன்று கால்களும் போட்ட கோட்டுக்குள் பத்திரமாக இருந்தன.

பலே கெட்டிக்காரன்தான் என்று நினைத்தாள். ஸ்டாண்டைத் தொடாமல் மைக்கின் கழுத்தை மட்டும் திருப்பியிருக்கிறான்! அதற்கு மேல் அவளால் பொறுக்க முடியவில்லை.

"கோகுல், நீ மைக்கைத் தொட்டியா?"

"இல்ல."

"அப்புறம் கதவ சாத்திக்கினு உள்ள இன்னா பண்ண?"

கோகுலின் காது இரண்டும் சிவந்துவிட்டன. அவன் ஜெசியைப் பார்த்தான், தரையைப் பார்த்தான்.

"பாருக்கா, வாயே தொறக்க மாட்றான். இவன்தான்."

கோகுல் கையிலிருந்த பாட்டுத் தாளை நாற்காலியில் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனான். பிடித்து நிறுத்த ஜெசி எழுந்தாள். அதற்குள் தெருவில் அவன் சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டும் சத்தம் கேட்டது.

மறுநாள் வெள்ளிக்கிழமை அவன் பதிவுக்கு வரவில்லை. பள்ளியிலும் வேறு பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டான். கண்டுபிடித்துவிட்டோமே என்று வெனிலா சந்தோஷப்பட நினைத்தாள். ஏனோ அந்தச் சந்தோஷம் வரவில்லை.

அன்று மாலை அக்காவும் தங்கையும் மட்டும் உட்கார்ந்தார்கள். வெனிலா மைக்கைச் சரியான இடத்தில் வைத்தாள். அறையை விட்டு யாரும் வெளியே போகவில்லை. யாரும் உள்ளே வரவுமில்லை. ஜெசி பாட்டை முழுதாக வாசித்தாள்.

பாட்டு முடிவதற்குள் கிடார் கொஞ்சம் கொஞ்சமாக மங்கிவிட்டது.

வெனிலா ஹெட்போனைக் கழற்றினாள். கோகுல் இங்கே இல்லையே. அப்படியானால்?

"அக்கா, இன்னொரு தடவை வாசி. தடிச்ச கம்பியில வாசிக்கிற இடம் இருக்குல்ல, அத."

அவள் தரையில் குப்புறப் படுத்து, கன்னத்தை டைல்ஸில் ஒட்டவைத்துக்கொண்டாள். ஜெசி தடித்த கம்பிகளை மீட்டியதும் தரை 'உர்ர்' என்று அதிர்ந்தது. மைக் அசையவில்லை. ஆனால் ஆம்ப், ஓர் எறும்பைவிட மெதுவாக, இடது பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது!

அந்த அறை முன்பு திறந்த மொட்டை மாடியாக இருந்தது. மழைத் தண்ணீர் வடியத் தரையை லேசாகச் சரித்துக் கட்டியிருந்தார்கள். அதன்மேல் போட்ட டைல்ஸோ கண்ணாடி போல வழவழப்பு. வாசிக்க வாசிக்க, அதிர்வில் பெட்டி வழுக்கிக்கொண்டே போயிருக்கிறது. முதலில் கொஞ்சமாக நகர்ந்தது காதுக்குத் தெரியவில்லை; இடைவேளைக்குப் பிறகுதான் தெரிந்திருக்கிறது. தான் மைக்குக்கு மட்டும் காவல் இருந்தது அப்போதுதான் வெனிலாவுக்குப் புரிந்தது. பெட்டியை அவள் ஒருமுறைகூடச் சந்தேகப்படவில்லை.

"ஐயோ அக்கா, அவன் ஒண்ணுமே பண்ணல" என்றாள்.

ஜெசி சைக்கிள் சாவியை எடுத்துத் தங்கையிடம் நீட்டினாள்.

கோகுலின் வீடு ஊரின் கடைசியில், அவர்களுடைய வயலை ஒட்டி இருந்தது. வெனிலா போய்ச் சேர்ந்தபோது வாசலில் அவனும் அவன் அம்மா கிருஷ்ணவேணியும் மல்லாட்டைச் செடியிலிருந்து காய்களை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். அவன் நிமிரவில்லை. கிருஷ்ணவேணி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, அடுப்பில் பால் வைத்தது ஞாபகம் வந்ததாகச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

வெனிலா அவன் எதிரில் உட்கார்ந்தாள். வழியெல்லாம் யோசித்து வைத்த வார்த்தைகள் ஒன்றுகூட நினைவில் இல்லை.

"மைக்க யாருமே நவுத்தல கோகுல். ஆம்ப்தான் தானா நவுந்து போய்க்கினு இருந்திச்சு. பாக்காமகொள்ளாம உன்ன சொல்லிட்டேன். தப்பு என்னுதுதான்."

கோகுல் இரண்டு காய்களை ஆய்ந்து போட்டான்.

"ஆம்ப் நவுருமா?"

"எறும்பு மாதிரி. நானே படுத்துக்கினு பாத்தேன்."

அவன் உதட்டோரம் லேசாகச் சிரிப்பு எட்டிப் பார்த்தது. உடனே மறைந்தும் போனது.

"நான் மாடிக்குப் போனது நெஜம்தான்" என்றான். "பாட்டில் எடுக்கன்னு சொன்னது பொய்."

பிறகு, வீட்டுக்குள் கேட்காதபடி மெல்லச் சொன்னான். 'கொத்துக் கொத்தா வருதே' என்ற வரி மிகவும் மேலே போகிறது. அந்த இடம் வந்தால் அவன் தொண்டை சேவல் மாதிரி கீச்சிடுகிறது. சொன்னால் வேறு யாரையாவது பாடச் சொல்லிவிடுவார்களோ என்று பயந்து, கதவைச் சாத்திக்கொண்டு, பதிவான கிடாரைப் போட்டுத் தனியாகப் பாடிப் பழகிக்கொண்டிருந்தான்.

வெனிலாவுக்கு அழுகை வந்தது. அதற்கு முன்னால் ஒரு யோசனையும் வந்துவிட்டது.

"எப்படியும் கிடாரை முழுசா திரும்ப வாசிக்கணும்டா. சுருதியக் கொஞ்சம் எறக்கி வாசிக்கச் சொல்லி அக்காவக் கேக்கட்டா?"

கோகுல் முதல்முறையாக நிமிர்ந்தான். "அப்பிடி எறக்கலாமா?"

"நம்ம பாட்டுதான? நாம எறக்கலாம்."

சனிக்கிழமை கோகுல் பழைய சைக்கிள் டியூபோடு வந்தான். அதைத் துண்டுகளாக வெட்டி ஆம்பின் நான்கு மூலைக்கும் அடியில் கொடுத்தார்கள். ஜெசி எவ்வளவு ஓங்கி மீட்டியும் பெட்டி அசையவில்லை. வெனிலா ஹெட்போனைக் கோகுலின் காதில் மாட்டி, மைக்கை அவன் கையில் கொடுத்தாள். அவன் அதை அப்படியும் இப்படியும் நகர்த்திக் கேட்டான். கடைசியில் அவள் வைத்த இடத்துக்கு ஒரு நூல் தள்ளி நிறுத்தினான். வெனிலாவும் கேட்டுப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. ஒரு நூல் கூடுதலாகவே நன்றாக இருந்தது.

சுருதியை இறக்கி ஜெசி மூன்று சரணங்களையும் ஒரே மூச்சில் வாசித்து முடித்தாள். அதன்பிறகு கோகுல் பாடினான். அந்த வரி வந்தபோது வெனிலா கண்ணை மூடிக்கொண்டாள். 'கொத்துக் கொத்தா வருதே' என்று அவன் குரல் வயல்காற்று மாதிரி தங்குதடையில்லாமல் மேலே போய், அங்கேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு இறங்கியது.

கீழே சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றுபோனது. அமல்ராணி படியேறி வந்து கதவருகே நின்றார்.

"யாரு பாடினது, கோகுலா?" என்று கேட்டார். "அம்மாவுக்கு ஒருதரம் திரும்பப் போட்டுக் காட்டுங்க."

வெனிலா ஹெட்போனின் ஒயரைப் பிடுங்கிவிட்டு, சத்தத்தை நன்றாகக் கூட்டி வைத்தாள்.