பட்டில் கட்டிய தூக்கு

"ஐயோ... போப்பாண்டவர்!"

அவிஞ்ஞோன் நகரில் போப்பாண்டவரின் அரண்மனையை அன்று எழுப்பியது கோயில் மணி அல்ல. ஓர் அலறல்!

கட்டிலில் போப்பாண்டவர். வாயில் நுரை. விட்டத்தை வெறித்த கண்கள்...

இறந்திருந்தார்!

எஸ்தேவ் சுத்தியலோடு ஓடி வந்தான். பின்னால், பட்டறைக் கல்லைச் சுமந்துகொண்டு கூட்டாளி ரோஸ்தான். போப் போனால் அவர் பெயர் பொறித்த முத்திரை அச்சை எல்லோர் முன்னாலும் உடைக்க வேண்டும். முத்திரைக்காரர்களின் வேலை அது.

அந்த வேலைக்கு ஒரே தகுதி, எழுதப் படிக்கத் தெரியாமல் இருப்பது. ரகசியம் கசியாதல்லவா? இருபது வருஷமாக எஸ்தேவ் அந்தத் தகுதியை நடித்துக்கொண்டிருந்தான். மூன்று வேளையும் சூடாகச் சாப்பாடு போடுகிற வேலையாயிற்றே!

கர்தினால் ஒதோன் ஒரு கடிதத்தை உயர்த்தினார்.

"விடிகாலையில போப்பாண்டவரே போட்ட கட்டளை! 'எனக்கு விஷம் வெச்சது வைத்தியன் கிராவ். தூக்குல போடுங்க'ன்னு. முத்திரையைப் பாருங்க!"

காவலர் பிடியில் கிராவ் துடித்தார். "நான் குடுத்தது வெறும் சோம்புக் கஷாயம்யா!"

எஸ்தேவ் எட்டிப் பார்த்தான்.

அதே கடிதம்! நேற்று மதியம் அவன் முத்திரை குத்தியது. அப்போது போப்பாண்டவர் தோட்டத்தில் பேரிக்காய் தின்றுகொண்டிருந்தார்!

நேற்றே படித்தான். புரிந்தது. வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் வேலை போயிருக்கும்... ஓர் உயிர் இருந்திருக்கும்.

வெட்கம், காய்ச்சிய ஈயமாகத் தொண்டையில் இறங்கியது.

"என்னடா முழிக்கிறே? உடை!" ஒதோன் அதட்டினார்.

"உடைக்கிறேன் பிரபு... அந்தக் கடிதத்துல முத்திரையை என்ன நூல்ல கட்டியிருக்கு?"

மூத்த கர்தினால் பெரங்கார் கடிதத்தை வாங்கிப் பார்த்தார். "பட்டு!"

"மானியம்னா பட்டு. தண்டனைன்னா சணல். தூக்குக்கு எதுக்குங்க பட்டு? நேத்து மதியம் இந்த ஒதோன் பிரபுதான் 'மடத்துக்கு மானியம்டா, பட்டு கட்டு'ன்னார்."

ஒதோன் சிரித்தார். "அது வேற கடிதம். தற்குறி உனக்கு எது எதுன்னு எப்படித் தெரியும்?"

எஸ்தேவ் தலை குனிந்தான்.

"தெரியும் பிரபு... முத்திரை குத்துறப்பவே படிச்சேன். நாலாவது வரியில வைத்தியர் பேரைச் சுரண்டித் திருத்தியிருக்கு."

பெரங்காரின் விரல் வரிகளில் ஓடி நின்றது. "ஆமா!"

"படிச்சும் சோத்துக்காக வாயை மூடிட்டேன். இந்தச் சாவுல எனக்கும் பங்கிருக்கு சாமி."

"நேத்துதான்னு சாட்சி யாரு?" ஒதோன் சீறினார்.

பட்டறைக் கல் தொப்பென்று விழுந்தது.

"நான்!" ரோஸ்தான் முன்னால் வந்தான். "நேத்து மதியம் நானும் படிச்சேன்... நானும் மூடிட்டேன்."

"அடப்பாவி! உனக்கும் தெரியுமா?"

"எனக்கும் பசிக்கும்லண்ணே!"

காவலர் கிராவை விட்டு ஒதோன் மேல் பாய்ந்தார்கள்.

பெரங்கார் இருவரையும் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "ரெண்டு பேருக்கும் வேலை போச்சு. 'படிக்கத் தெரியாத ஆள் தேவை'ன்னு கோயில் கதவுல எழுதி ஒட்டுங்கப்பா!"

எஸ்தேவ் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"எழுதி ஒட்டினா, மறுபடி எங்கள மாதிரி ஆளுதான் பிரபு வருவான்!"