பெட்ரோலுக்குள் ஒரு கோடு

பூவாரில், ஆற்றின் நடுவில் படகின் எஞ்சின் இரண்டு முறை இருமியது. பிறகு நின்றுவிட்டது.

ரேஷ்மிக்குப் பதினொரு வயது. அப்பா தாணுலிங்கத்தின் சுற்றுலாப் படகில் ஏறுகிறவர்களுக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டிவிடுவது, ஓண விடுமுறையில் அவள் வேலை. மழை முடியும்வரை இரண்டு மாதம் கட்டிக் கிடந்த படகுக்கு அன்றுதான் முதல் சவாரி.

அப்பா எஞ்சினைக் கிளப்பும் கயிற்றை இழுத்தார். மறுபடி இழுத்தார். எஞ்சின் கிளம்பவில்லை. படகு மட்டும் மெல்லப் பொழிமுகத்தின் பக்கம் நகர்ந்தது. ஆறு கடலில் சேரும் இடம் அது. அங்கே அலை பெரிது.

"அம்மா, படகு தானாப் போகுது!" என்று கைதட்டினான் சவாரிக்கு வந்த நான்கு வயது கிரீஷ். அவன் அம்மா ஸ்வப்னா கைதட்டவில்லை. அவனை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

ரேஷ்மி எழுந்து, தூரத்தில் வந்த இன்னொரு படகைக் கைகாட்டிக் கூப்பிட்டாள். அது கயிறு கட்டி, இவர்களை இழுத்துவந்து துறையில் விட்டது.

சற்று நேரத்தில் மெக்கானிக் மைதீன் வந்தார். எஞ்சினைத் திறந்தார். டேங்கில் இருந்த பெட்ரோலைக் கொஞ்சம் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் வடித்து ஓரமாக வைத்தார்.

"நேத்துதானே சர்வீஸ் பண்ணினே?" என்றார் அப்பா. "சின்னப் பிள்ளை இருந்த படகு, மைதீனே!"

"நேத்து நல்லாத்தான் ஓடிச்சு, அண்ணாச்சி."

"போதும். இனி இந்த எஞ்சினை நீ தொட வேண்டாம்."

மைதீன் ஸ்பானர்களை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பையில் போட்டார். ரேஷ்மிக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்போதுதான் பாட்டில் கண்ணில் பட்டது.

உள்ளே ஒரு கோடு தெரிந்தது. கோட்டுக்கு மேலே மஞ்சள். கீழே இரண்டு விரல் உயரத்துக்குக் கலங்கல்.

"மாமா, ஒரு நிமிஷம் நில்லுங்க. நேத்து எந்தப் பெட்ரோல்ல ஓட்டிப் பார்த்தீங்க?"

"குழாயை என் கேன்ல விட்டு ஓட்டினேன், மக்களே. அது புதுசு" என்றார் மைதீன் செல்லமாக.

"இன்னைக்கு ஓட்டினது?"

"அது பழசு. மழைக்கு முன்னாடி டேங்குல போட்டது" என்றார் அப்பா, எரிச்சலோடு.

"அப்போ இந்தப் பாட்டில்ல ரெண்டு சொட்டு வெள்ளம் விடுங்க மாமா."

மைதீன் விட்டார். தண்ணீர்ச் சொட்டுகள் மஞ்சளில் சேராமல் குட்டி முத்துகளாக இறங்கின. கலங்கலைத் தொட்டதும் கரைந்து காணாமல் போயின.

"பெட்ரோல்ல வெள்ளம் சேராதுல்லா? கீழ இருக்கதுல சேருதே. அப்போ அது பெட்ரோல் இல்லை!"

மைதீன் பையைக் கீழே வைத்தார். "சரியாச் சொன்னே! இப்ப வர்ற பெட்ரோல்ல எத்தனால் கலந்திருக்கு. அது காத்துல உள்ள ஈரத்தைக் குடிக்கும். குடிச்சு நிறைஞ்சா, பெட்ரோலை விட்டுப் பிரிஞ்சு அடியில போய் உக்காந்துக்கும். எஞ்சின் அதைத்தான் உறிஞ்சியிருக்கு."

"என் பைக்குக்கு ஒண்ணும் ஆகலியே?" என்றார் அப்பா.

"பைக்குல போடுறது ஒரு வாரத்துல தீர்ந்துரும், அண்ணாச்சி. இது ரெண்டு மாசம் மழையில கிடந்திருக்கு."

ரேஷ்மி டேங்க் மூடியைப் பார்த்தாள். அதன் மேலிருந்த சின்னக் காற்றுத் திருகு திறந்தே இருந்தது. ஈரக்காற்று நுழைந்த வழி அதுதான். படகைக் கட்டும்போது அதை மூட வேண்டியவர் அப்பா.

அப்பாவும் அதைப் பார்த்துவிட்டார். தலையைச் சொறிந்தார்.

"மைதீனே, தப்பு எம்பேர்லதான். திருகை மூட மறந்துட்டேன். உன்மேல கத்தினது அதைவிடப் பெரிய தப்பு."

"அதுக்கென்ன, அண்ணாச்சி" என்று ஸ்பானரைக் கையில் எடுத்தார் மைதீன்.

பழைய பெட்ரோல் முழுவதையும் தன் இரும்பு கேனில் வடித்தார். டேங்கையும் குழாயையும் கார்புரேட்டரையும் சுத்தம் செய்தார். புதுப் பெட்ரோல் ஊற்றியதும், ஒரே இழுப்பில் எஞ்சின் பாடியது.

துறையில் காத்திருந்த ஸ்வப்னா மட்டும் தயங்கினார். "இனியும் நின்னு போகாதே?"

"நிக்காது அக்கா. மைதீன் மாமாவும் நம்மகூட வரட்டும்" என்றாள் ரேஷ்மி.

"நானா?" மைதீன் சிரித்தார். "முப்பது வருஷமா எஞ்சின் பார்க்கேன். ஒரு சவாரிகூடப் போனதில்லை."

"ஏறு மைதீனே" என்று கை நீட்டினார் அப்பா.

ரேஷ்மி அவருக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டிவிட்டாள். தொப்பைக்கு மேல் வார் எட்டவில்லை. இன்னொரு பெரிய ஜாக்கெட் தேட வேண்டியிருந்தது.

படகு சதுப்பு மரங்களுக்கு நடுவே வளைந்து சென்றது. ஒரு மீன்கொத்தி குறுக்கே பறந்தது. கிரீஷ் கைதட்டினான். அவனைவிடச் சத்தமாக மைதீன் கைதட்டினார்.